பொது மன்னிப்பும் மன்னிப்பும்

பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் "மன்னிப்பு இல்லாமல் எதிர்காலம் இல்லை" என்னும் நூல் பற்றிய ஒரு திறனாய்வு

கொடுங்கோன்மை ஒன்று வீழ்ந்து புதிய ஆட்சி தோன்றும்போது, கடந்த காலத்தை என்ன செய்வது என்னும் கேள்வி அந்நாட்டின் முன் நிற்கிறது. சித்திரவதை செய்தவரும் செய்யப்பட்டவரும் ஒரே ஊரில் வாழ வேண்டும். கொலைக்கு ஆணையிட்டவர் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருக்க, கொல்லப்பட்டவரின் மனைவி பிறர் வீட்டில் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்க வேண்டும். இந்நிலையில் வழக்குத் தொடுப்பதா, மறந்துவிடுவதா, இவ்விரண்டிற்கும் இடையே வேறு வழி உண்டா? 1994இல் நிறவெறி ஆட்சி முடிவுற்ற தென் ஆப்பிரிக்கா இக்கேள்விக்கு அளித்த விடை உலகறிந்தது. அவ்விடையைத் தலைமையேற்று நடத்தியவர் ஒரு பேராயர் என்பதாலும், அதனை அவர் ஒரு கிறிஸ்தவ அறிக்கையாகவே நூல்வடிவில் எழுதிவைத்தார் என்பதாலும், இதனை அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலை அதற்குரிய மரியாதையோடும், அதற்குப்பின் அந்நாட்டில் நிகழ்ந்தவற்றை மனத்திற்கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூல் எழுந்த சூழல்

தென் ஆப்பிரிக்காவின் விடுதலை போர்க்களத்தில் பெற்ற வெற்றியன்று. பேச்சுவார்த்தையில் பிறந்த உடன்பாடு. காவல் துறையும் இராணுவமும் பழைய ஆட்சியினரின் கையிலேயே இருந்தன. தங்களைச் சிறைக்கு அனுப்பவிருக்கும் தேர்தலுக்கு அவர்களே காவல் நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியல் சட்டத்தின் முடிவுரையில், அரசியல் நோக்கத்தோடு செய்யப்பட்ட குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கப்படும் என்னும் வாக்குறுதி சேர்க்கப்பட்டது. பொது மன்னிப்பு வேண்டுமா, வேண்டாமா என்பது அத்துடன் முடிந்துபோயிற்று. எத்தகைய பொது மன்னிப்பு என்பதே புதிய பாராளுமன்றத்தின் முன் எஞ்சியிருந்த கேள்வி.

இதற்கு முன் சிலி நாட்டில் இராணுவ ஆட்சி 1978இல் ஓர் ஆணையின் மூலம் தனக்குத்தானே பொது மன்னிப்பு வழங்கிக்கொண்டது. மக்களாட்சி திரும்பியபின் 1990இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் இறந்தோரையும் காணாமற்போனோரையும் பதிவு செய்ததேயன்றிக் குற்றமிழைத்தோரின் பெயர்களை வெளியிடவில்லை. தென் ஆப்பிரிக்கா இதனின்று விலகி நடந்தது. 1995ஆம் ஆண்டின் 34ஆம் சட்டத்தின்படி, பொது மன்னிப்பு கூட்டமாக வழங்கப்படமாட்டாது. ஒவ்வொருவரும் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். தாம் செய்தது அரசியல் நோக்கம் சார்ந்தது என்று காட்ட வேண்டும். அனைத்திற்கும் மேலாக, முழு உண்மையையும் வெளிப்படுத்த வேண்டும். 1960 மார்ச் முதல் 1994 மே 10 வரை நிகழ்ந்த கொலை, ஆட்கடத்தல், சித்திரவதை, கடுங்கொடுமை ஆகியவை விசாரணைக்குரியவை. ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட மாதம் அதன் தொடக்கம். நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நாள் அதன் முடிவு.

இச்சட்டத்தின்படி அமைந்ததே உண்மை-ஒப்புரவு ஆணையம். அதன் தலைவர் பேராயர் டூட்டு. துணைத்தலைவர் முன்னாள் மெதடிஸ்ட் போதகரான அலெக்ஸ் போரைன். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் பொது விசாரணை நடைபெற்றது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 21,000 பேர் வாக்குமூலம் அளித்தனர். பொது மன்னிப்புக் கோரி 7,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் 849 பேருக்கு அது வழங்கப்பட்டது. 5,392 பேருக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டோருள் அரசியல் தொடர்பற்ற சாதாரணக் குற்றவாளிகளே மிகப்பலர். ஆணையத்தின் முதல் ஐந்து தொகுதி அறிக்கை 1998 அக்டோபரில் மண்டேலாவிடம் அளிக்கப்பட்டது. மறு ஆண்டில் வெளிவந்தது நாம் ஆராயும் நூல்.

2. நூலின் வலிமை

ஜெர்மனியின் நாத்சித் தலைவர்களை நூரெம்பர்க் நகரில் விசாரித்ததைப் போன்ற தண்டனை வழியையும், நடந்ததை மூடிமறைக்கும் மறதி வழியையும் தள்ளி, இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாம் வழியொன்றைப் பேராயர் முன்வைக்கிறார். ஒருவன் மனிதனாயிருப்பது பிறர் மூலமாகவே என்று உரைக்கும் ஆப்பிரிக்கரின் "உபுந்து" என்னும் கருத்தையும், உடைந்த உறவைச் சீர்ப்படுத்துவதே நீதியின் நோக்கம் என்னும் வேதாகமக் கருத்தையும் இணைத்து அவர் அவ்வழிக்கு அடித்தளம் இடுகிறார்.

தண்டனை வழியை அவர் தள்ளியதைக் கோழைத்தனம் என்று கூறுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அந்நாட்டு நீதிமன்றங்கள் பல்லாண்டுகளாகப் பொய்க்கு முத்திரையிட்டு வந்தவை. 1971இல் காவலர் பிடியில் இறந்த அகமது திமோல் தாமே மாடியிலிருந்து குதித்து இறந்தார் என்று மரண விசாரணை தீர்ப்பளித்தது. 1977இல் காவலில் இறந்த ஸ்டீவ் பிக்கோவின் மரணத்திற்கு எவரும் பொறுப்பல்ல என்று இன்னொரு விசாரணை கூறிற்று. புதிய ஆட்சியிலும், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மாக்னஸ் மலான் மீது பெரும் பொருட்செலவில் நடத்தப்பட்ட வழக்கு 1996இல் விடுதலையில் முடிந்தது. இத்தகைய நாட்டில் உண்மை நீதிமன்றத்தின் வாயிலாகவே வரும் என்று காத்திருந்தால், பல தாய்மார் ஒன்றும் அறியாமலே கல்லறை சென்றிருப்பர்.

அந்தத் தாய்மாரைப் பேசவைத்ததே ஆணையத்தின் பெரும்பணி. அதற்குமுன் நீதிமன்றத்தில் அவர்கள் சாட்சிகளாக மட்டுமே நின்று, வழக்கறிஞர் கேட்டதற்கு மட்டும் விடையளிக்க வேண்டியிருந்தது. இங்கோ அவர்கள் தாய்மொழியில், இடைமறிப்பின்றி, தங்கள் கதையைக் கூற முடிந்தது. நஞ்சூட்டப்பட்டுப் பின்னர் காணாமற்போன சிபிவோ ம்திம்குலு என்னும் இளைஞரின் தாய், மகனின் தலையிலிருந்து உதிர்ந்த முடிக்கற்றையைக் கையில் ஏந்தி ஆணையத்தின் முன் வந்தார். 1985இல் கொல்லப்பட்ட கிராடாக் நால்வருள் ஒருவரின் மகள், மன்னிக்க விரும்புகிறோம், ஆனால் எவரை மன்னிப்பது என்று தெரியவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் தன் மக்களின் உடல்களைப் பறவைகளும் மிருகங்களும் தொடாதபடி காத்திருந்த ரிஸ்பாளை இவர்களில் நாம் காண்கிறோம். அவளது காவலைக் கேள்வியுற்ற பின்னரே அரசன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்தான். அதன் பின்னரே தேசத்திற்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைத் தேவன் கேட்டார் என்று வேதம் கூறுகிறது. இறந்தோர் எவ்வாறு இறந்தனர் என்னும் உண்மை வெளிவராமல் தேசத்திற்கு அமைதி இல்லை என்பதைப் பேராயரின் நூலைப் போல் உருக்கமாக உரைக்கும் நூல்கள் சிலவே.

எனினும் உண்மை சொல்லுதல் எப்போதும் குணமாக்குதல் ஆகாது. ஜெஃப்ரி பென்சியன் என்னும் காவல் அதிகாரி, நனைத்த பையைத் தலையில் மாட்டி மூச்சுத்திணற வைக்கும் தம் சித்திரவதை முறையை 1997இல் கேப் டவுன் விசாரணையில் செய்து காட்டினார். அவ்வாறு செய்து காட்டும்படி கேட்டவர், அவரிடம் முன்னர் சித்திரவதைப்பட்டு, அப்போது பாராளுமன்ற உறுப்பினராயிருந்த டோனி யெங்கெனி. பென்சியனோ, அந்தப் பையினுள் யெங்கெனி தம் தோழர்களைக் காட்டிக்கொடுத்ததை அவையோர் முன்னிலையில் அவருக்கு நினைவூட்டினார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் பென்சியனுக்குப் பொது மன்னிப்புக் கிடைத்தது. அவர் கூறியது உண்மையே. சட்டம் கேட்டதும் அதுவே. ஆனால் அந்த உண்மை பாதிக்கப்பட்டவரை மீண்டும் ஒருமுறை அவமானப்படுத்திற்று. உண்மை விடுதலையாக்கும் என்று நாம் பிரசங்கிக்கும்போது, எந்த உண்மை, எவருடைய வாயிலிருந்து, எதற்காகக் கூறப்படுகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

3. ஒரே சொல், இரு பொருள்

இனி நூலின் மையத்திலுள்ள சிக்கலுக்கு வருவோம். தமிழில் அரசு வழங்குவதையும் "மன்னிப்பு" என்கிறோம். பாதிக்கப்பட்டவர் வழங்குவதையும் "மன்னிப்பு" என்கிறோம். தேவன் அருளுவதையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். முன்னதற்குப் "பொது" என்னும் அடைமொழி ஒன்றே வேறுபாடு. ஆகவே இந்நூலில் உள்ள மயக்கம் தமிழ் வாசகரை எளிதில் பற்றிக்கொள்ளும்.

கிரேக்க மொழியில் இவை வெவ்வேறு. அம்னெஸ்டியா என்பதன் பொருள் மறதி. கி.மு. 403இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, கடந்த தீங்குகளை நினைவுகூர்வதில்லை என்று ஏதென்ஸ் மக்கள் ஆணையிட்டுக்கொண்டனர். ஐரோப்பிய அரசியலில் பொது மன்னிப்பிற்கு அதுவே பழைய முன்மாதிரி. புதிய ஏற்பாட்டில் பாவமன்னிப்பைக் குறிக்கும் சொல் அஃபெசிஸ். அதன் பொருள் விடுவித்தல். லூக்கா 4ஆம் அதிகாரத்தில் சிறைப்பட்டோருக்கும் நொறுங்குண்டோருக்கும் அறிவிக்கப்படும் விடுதலையும் அச்சொல்லே. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், லேவியராகமம் 25இல் யூபிலி ஆண்டின் விடுதலையும் அதுவே. ஒன்று மறத்தலைச் சார்ந்தது. மற்றொன்று கட்டவிழ்த்தலைச் சார்ந்தது.

தென் ஆப்பிரிக்கச் சட்டம் வழங்கியது மறதியன்று; அதுவே அதன் சிறப்பு. ஆயினும் அது சுவிசேஷம் கூறும் மன்னிப்பும் அன்று. விண்ணப்பதாரர் வருந்த வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. பேராயர் இதனை மறைக்கவில்லை. மனவருத்தத்தை நிபந்தனையாக்கினால், மிகுதியாக வருந்துகிறவரை நடிக்கிறார் என்பார்கள், சுருங்கக் கூறுகிறவரைக் கல்நெஞ்சர் என்பார்கள் என்று அவர் வாதிடுகிறார். இவ்வாதம் சரியானதே. இருதயத்தை அளக்க அரசுக்கு அளவுகோல் இல்லை. ஆனால் அதனின்று எழும் முடிவு யாதெனில், மனந்திரும்புதலைக் காண இயலாத அரசு மன்னிக்கவும் இயலாது என்பதாகும். அது வழக்கைக் கைவிடலாம், தண்டனையை நீக்கலாம். அதற்குமேல் அதனிடம் ஒன்றுமில்லை.

இவ்வேறுபாட்டை நூல் காத்துக்கொள்ளவில்லை. விசாரணை மண்டபத்திலேயே அது கரைந்துபோயிற்று. ஊதா அங்கி அணிந்த பேராயர் ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கி, மன்னித்தவரைக் கண்ணீரோடு பாராட்டினார். நூலிலும், ஓர் இடத்தில் சட்டத்தின் நியாயத்தைக் கூறும் வாதம் அடுத்த இடத்தில் மன்னித்தோரின் மேன்மையைக் கூறும் சாட்சியமாக மாறிவிடுகிறது. 1993இல் கொல்லப்பட்ட அமெரிக்க மாணவி ஏமி பீலின் பெற்றோர், கொலைஞரின் விண்ணப்பத்தை எதிர்க்காமல் அந்த மக்களிடையே தொண்டு செய்ய வந்ததைப் போன்ற செய்திகள் உள்ளத்தைத் தொடுகின்றன. ஆனால் மன்னிக்காதவருக்கு இந்நூலில் எந்த இடம்?

பிக்கோ, ம்க்செங்கே, ரிபெய்ரோ குடும்பத்தினர் 1996இல் பொது மன்னிப்புச் சட்டத்தை எதிர்த்து அரசியல் சட்ட நீதிமன்றம் சென்றனர். இச்சட்டம் குற்ற வழக்கை மட்டுமன்றி, இழப்பீடு கோரும் உரிமை வழக்கையும் அணைத்துவிட்டது. அரசின்மீதும் வழக்குத் தொடர வழியில்லாமற்போயிற்று. இது தங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று அவர்கள் முறையிட்டனர். அவர்கள் இழப்பது எத்துணைப் பெரிது என்பதை உணர்ந்தே நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளியது. இவர்கள் பழிவாங்க வந்தவர்கள் அல்லர். நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்கள். லூக்கா 18ஆம் அதிகாரத்தின் விதவையும் அதையே செய்தாள். அவளை ஆண்டவர் இடைவிடா ஜெபத்திற்கே உவமையாக்கினார். பேராயரின் நூலிலோ அந்த விதவைக்குரிய மதிப்பு போதிய அளவு கிடைக்கவில்லை.

4. மன்னிக்கும் உரிமை எவருடையது?

குற்றமிழைத்தவர் மனந்திரும்பும்வரை காத்திருந்தால் பாதிக்கப்பட்டவர் என்றும் அவர் கையில் சிறைப்பட்டிருப்பார். ஆகவே மன்னிப்பு அவரது மனந்திரும்புதலைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது பேராயரின் கருத்து. சிலுவையில் ஆண்டவர் செய்த ஜெபத்தை அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். மேய்ப்புப் பணியில் இது பெரும் உண்மை. பகையைச் சுமந்து நலிந்தோரை நாம் அனைவரும் அறிவோம்.

ஆயினும் அந்த ஜெபத்தைச் செய்தவர் சிலுவையில் அறையப்பட்டவரே என்பதைக் கவனிக்க வேண்டும். சிலுவையின் அருகே நின்ற தாயை நோக்கி, நீயும் இவர்களை மன்னித்துவிடு என்று அவர் கட்டளையிடவில்லை. அவளை ஒரு சீஷனிடம் ஒப்படைத்து, அவளுக்கு ஒரு வீட்டை ஏற்படுத்தினார். மன்னிப்பை அவர் தாமே அளித்தார். துயருற்றவளுக்கோ பாதுகாப்பை அளித்தார். ஓர் அரசும் திருச்சபையும் துயருற்றோரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

பிறர் சார்பில் மன்னிக்கலாகுமா என்பதையும் நூல் தொடுகிறது. சாகும் தறுவாயிலிருந்த நாத்சிப் படைவீரன் ஒருவன் யூதக் கைதி ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டதையும், அவர் விடை கூறாமல் வெளியேறியதையும் சைமன் வீசந்தால் "சூரியகாந்தி" என்னும் நூலில் எழுதினார். இதுபற்றிப் பேசும் பேராயர், இறந்தோர் சார்பில் இழப்பீடு பெறக்கூடுமானால் அவர்கள் சார்பில் மன்னிக்கவும் கூடாதா என்று கேட்கிறார். இவ்வொப்புமை பொருந்தாது. இழப்பீடு பெறும் மகள் தன் தந்தையின் மரணத்தால் தானே இழந்ததற்காகப் பெறுகிறாள். அவளுக்கும் காயம் உண்டு. தந்தையின் உயிர்க் காயத்தை மன்னிக்கும் உரிமை தந்தைக்கே உரியது. தாவீது நாத்தானிடம் பாவ அறிக்கை செய்தபோது மன்னிப்பைத் தேவன் அருளினார். உரியாவின் பெயரால் ஒரு சொல்லும் நாத்தான் பேசவில்லை.

இது ஏட்டளவிலான கேள்வியன்று. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் திருச்சபைகளின் மாநாடு கூடியபோது, டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் நிறவெறிப் பாவத்தைத் தம் சார்பிலும் தம் சபையின் சார்பிலும் அறிக்கை செய்தார். பேராயர் எழுந்து, அறிக்கை செய்தவரை மன்னிக்காதிருக்கலாகாது என்னும் கருத்தில் உடனே அதனை ஏற்றார். நிலமிழந்தோர், பிள்ளைகளை இழந்தோர் ஆகிய அனைவர் சார்பிலும் இவர் எவ்வாறு ஏற்கலாம் என்று மாநாட்டினர் சிலர் வருந்தினர். இருவருடைய செயலும் துணிவுமிக்கது. மேடையில் உண்மையாகவே அருள் நிகழ்ந்தது என்றும் கூறலாம். ஆனால் மேடையில் நிகழ்வது வீதியில் நிகழ்ந்துவிட்டதாக எண்ணும் சோதனை திருச்சபைத் தலைவர்களுக்கு என்றும் உண்டு.

5. விசாரிக்கப்படாத உண்மை

ஆணையம் தேடிய உண்மை எவ்வளவு பெரியது என்றும் கேட்க வேண்டும். கொலையும் சித்திரவதையும் அதன் எல்லைக்குள் வந்தன. ஆனால் நிறவெறி என்பது நள்ளிரவில் கதவைத் தட்டிய காவலர் மட்டும் அன்று. 1960 முதல் 1983 வரை ஏறத்தாழ 35 லட்சம் மக்கள் தங்கள் இருப்பிடங்களிலிருந்து அகற்றப்பட்டனர். பெரும்பான்மை மக்களுக்கு நாட்டின் நிலத்தில் 13 விழுக்காடே சட்டப்படி ஒதுக்கப்பட்டிருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாததற்காகப் பல லட்சம் பேர் சிறை சென்றனர். இவையெல்லாம் சட்டப்படி நடந்தவை. ஆகவே இவற்றிற்காக எவரும் பொது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆணையம் குற்றவாளியையும் பாதிக்கப்பட்டவரையும் கண்டதேயன்றி, அவ்வமைப்பினால் நன்மை பெற்றோரைக் காணவில்லை என்று அறிஞர் மஹ்மூத் மம்தானி கூறிய குறை இதுவே. திருச்சபைகள், வணிக நிறுவனங்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றிற்கெனத் தனி விசாரணைகள் நடைபெற்றன என்பது உண்மை. 1997 நவம்பரில் திருச்சபைகள் ஈஸ்ட் லண்டனில் தம் மௌனத்தை அறிக்கை செய்தன. ஆயினும் நாட்டு மக்களின் நினைவில் தங்கியது ஒருசில கொடியோரின் முகங்களே. கொடியவனைத் தொலைக்காட்சியில் கண்ட சாதாரண வெள்ளையர், தாம் அவனைப்போல் அல்லர் என்று எண்ணி நிம்மதியாக உறங்கச் சென்றிருக்கக்கூடும்.

இங்கு 1985இல் சொவேட்டோவில் உருவான கைரோஸ் ஆவணத்தை நினைவுகூர்வது தகும். ஒப்புரவைப் பற்றித் திருச்சபை பேசும் எளிய பேச்சை அது கடிந்துகொண்டது. அநீதி அகற்றப்படாமல், மனந்திரும்புதல் இல்லாமல் ஒப்புரவைப் போதிப்பது ஒடுக்குவோருக்குத் துணைபோவதாகும் என்பது அதன் கருத்து. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் எழுதப்பட்ட பேராயரின் நூல் இந்தக் கண்டனத்தை நேர்நின்று சந்தித்திருக்க வேண்டும். ஆட்சி மாறியதனால் மட்டும் கைரோஸ் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை.

6. பேனாவும் நிலமும்

நியாயம் கருதி ஒன்றைக் கூற வேண்டும். ஒருவருடைய பேனாவைத் திருடி வைத்துக்கொண்டே அவரிடம் மன்னிப்புக் கேட்பது உண்மையான மனவருத்தம் ஆகாது என்று பேராயரே இந்நூலில் எடுத்துக்காட்டுகிறார். குடிசைகளின் இடத்தில் வீடுகள் எழாவிட்டால், குடிநீரும் மருத்துவமும் ஏழைகளை எட்டாவிட்டால், ஒப்புரவு வெறும் பேச்சாகிவிடும் என்றும் எச்சரிக்கிறார். ஆகவே அவர் அறியாமல் விட்டார் என்று குற்றம் கூற இயலாது. ஆனால் இவ்வெண்ணம் நூலில் ஓர் எச்சரிக்கையாக நிற்கிறதேயன்றி, மன்னிப்பைப் பற்றிய அவரது இறையியலுக்குள் நுழையவில்லை. அஃபெசிஸ் என்னும் சொல் யூபிலியில் நிலம் திரும்புவதையும் உள்ளடக்கியது என்பதை எண்ணினால், பேனாவைத் திருப்பித் தருவது மன்னிப்பின் பின்விளைவன்று, அதன் ஓர் உறுப்பே ஆகும். சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துவதாகக் கூறிய பின்னரே, அவன் வீட்டிற்கு இரட்சிப்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தார்.

நடந்தது என்ன? பொது மன்னிப்புப் பெற்றவர் அன்றே விடுதலையடைந்தார். பாதிக்கப்பட்டோருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 17,000 முதல் 23,000 ராண்ட் வரை ஆறு ஆண்டுகள் வழங்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. இடைக்கால உதவியாகச் சிறு தொகை கிடைத்தபின், அவர்கள் 2003 வரை காத்திருந்தனர். அவ்வாண்டில் ஒரே தவணையாக 30,000 ராண்ட் வழங்கி அரசு கணக்கை முடித்தது. செல்வந்தர் மீதும் நிறுவனங்கள் மீதும் வரி விதிக்கும் யோசனை கைவிடப்பட்டது.

உண்மை கூறாதவரின் நிலை என்ன? பொது மன்னிப்புக் கோராதவரும் மறுக்கப்பட்டவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவர் என்பதே அந்த உடன்பாட்டின் மறுபாதி. ஏறத்தாழ 300 வழக்குகள் அரசு வழக்குத்தொடர் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. மிகச்சிலவே நீதிமன்றம் சென்றன. பிக்கோவின் மரணம் தொடர்பாக விண்ணப்பித்த காவலருக்கு 1999இல் பொது மன்னிப்பு மறுக்கப்பட்டது. எனினும் அவர்கள்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று 2003இல் முடிவாயிற்று. கிராடாக் நால்வரைக் கொன்ற வழக்கிலும் 1999இல் மறுக்கப்பட்டது. ஒருவரும் தண்டனையின்றி வயது முதிர்ந்து இறந்துபோயினர். திமோல் கொல்லப்பட்டார் என்று 2017இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார்; குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் காவலர் வழக்கு முடியுமுன் 2021இல் இறந்தார். இவ்வழக்குகள் தடுக்கப்பட்டது எவ்வாறு என்பதை ஆராய 2025இல் அந்நாட்டு அரசே ஒரு விசாரணை ஆணையத்தை அமைக்க நேர்ந்தது. 2021 டிசம்பரில் காலமான பேராயரும் தம் இறுதிக்காலத்தில் இந்தக் கைவிடுதலை வெளிப்படையாகக் கடிந்துகொண்டார் என்பதை இங்குப் பதிவு செய்வது கடமை. அவர் அமைத்த மூன்றாம் வழி, நீதிமன்றத்தின் வாயில் திறந்திருக்கும்போது மட்டுமே மூன்றாம் வழியாக இருக்க முடியும். அது மூடப்பட்டபோது, பேராயர் தள்ளிய மறதியின் வழியே பின்வாசலால் திரும்பிவந்தது.

இதனை ஒரு செய்தி நன்கு விளக்கும். நிறவெறி ஆட்சியின் முன்னாள் காவல் துறை அமைச்சர் ஏட்ரியன் ஃபிளோக், 2006இல் அருட்திரு ஃபிராங்க் சிகானேயைத் தேடிச் சென்று அவருடைய கால்களைக் கழுவினார். 1989இல் சிகானேயின் உடைகளில் நஞ்சு தடவி அவரைக் கொல்ல முயன்றது ஃபிளோக்கின் துறை. சிகானே அச்செயலை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டில் ஃபிளோக் நீதிமன்றத்திலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கால்கழுவுதலைப் போலி என்று இகழ நாம் முன்வரமாட்டோம். ஆனால் சிகானே தமக்கு இழைக்கப்பட்டதை மட்டுமே மன்னிக்க முடியும். அத்துறையினால் மக்களை இழந்த மற்ற வீடுகளுக்கு, தண்ணீர்ப் பாத்திரத்தோடு பெயர்களும் தேதிகளும் புதைகுழிகளின் இடங்களும் செல்ல வேண்டியிருந்தன.

7. நம் பணிக்குச் சில எண்ணங்கள்

பேராயரின் நூலைப் பிரசங்க உதாரணங்களின் களஞ்சியமாகக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்வது அவருக்கும் அவர் கேட்ட மக்களுக்கும் நாம் செய்யும் அநீதி. மூன்று செய்திகளை மட்டும் சுட்டி முடிக்கலாம்.

முதலாவது, பாதிக்கப்பட்டவர்முன் நிற்கும் போதகர் மன்னிப்பை அவரிடமிருந்து வசூலிக்கும் அதிகாரி அல்லர். சபையில் அநீதியடைந்த பெண்ணோ தொழிலாளியோ நீதி கேட்கும்போது, மன்னித்துவிடு என்று நாம் கூறும் முதற்சொல் பலமுறை அநீதி செய்தவருக்கே அடைக்கலமாகிறது. முதலில் கேட்பதும், உண்மையை வெளிக்கொணர்வதும், பாதுகாப்பளிப்பதும் நம் பணி. மன்னிப்பு அவரது உள்ளத்தில் தேவன் விளைவிக்கும் கனி. அதற்கு நாம் நாள் குறிக்கலாகாது.

இரண்டாவது, அரசு செய்ய வேண்டியதைத் திருச்சபை ஆன்மிகமாக்கிவிடக் கூடாது. பொது மன்னிப்பு சில வேளைகளில் இன்றியமையாததாகலாம். இரத்தம் சிந்துதலைத் தடுப்பதற்காக நீதியின் ஒரு பகுதியை ஒரு நாடு விட்டுக்கொடுக்க நேரலாம். அப்போது அதனை வருந்தத்தக்க விலை என்று நேராகக் கூறுவதே உண்மை. அதற்குச் சிலுவையின் பெயரைச் சூட்டுவது சிலுவையை மலிவாக்கும்.

மூன்றாவது, ஒப்புரவு என்னும் சொல்லை நாம் உச்சரிக்குமுன், எவருடைய நிலம், எவருடைய கூலி, எவருடைய பிள்ளை இன்னும் திரும்பவில்லை என்று கணக்கெடுக்க வேண்டும். கணக்கில்லாத ஒப்புரவு வலியோரின் ஒப்புரவாகவே முடியும்.

உண்மைக்கு ஒரு மேடை அமைத்து, எளியோரை அதில் அமரச் செய்து, ஆட்சியாளரை அவர்கள்முன் நிற்கச் செய்த பேராயரின் பணி நம் நூற்றாண்டின் திருச்சபைக்கு ஒரு கொடை. மன்னிப்பு இல்லாமல் எதிர்காலம் இல்லை என்னும் அவரது தலைப்பை நாம் மறுக்கவில்லை. உண்மைக்குப்பின் ஈடுசெய்தல் இல்லையேல், மன்னித்தவருக்கே அந்த எதிர்காலத்தில் இடமில்லாமற்போகும் என்பதை அதனோடு சேர்த்துப் படிக்கிறோம்.